வண்டித்தடத்தில் பிடித்த நெருப்பு

மொன்றியலில், செயின்ட்-லோரன்டில் ஒரு சமையல்கூடம். ஒரே நாளில் நாலு கல்யாணத்துக்குச் சோறு வடிக்கலாம். அந்த இடம் முந்தி டயர்க் கடை. நிலம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். பரிசோதிக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே சமையலா என்று கேட்டார். அடுத்த முறை வந்தபோது அவரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

செயின்ட்-மிஷேலில் நாலு குடும்பம் இருக்கிற ஒரு கட்டடம். அத்திவாரம் வெடித்து, கீழறையில் தண்ணீர் நின்ற கட்டடம் அது. வேண்டாம் என்று சொல்லாத ஆள் இல்லை. பனி கொட்டுகிற மாதத்தில் சீமெந்தை நானே குழைத்துப் போட்டேன். போட்டது உறைந்து போகாமல் ஹீட்டர் வைத்து, அதுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். இன்றைக்கு அந்தச் சுவரில் ஒரு சொட்டு ஈரம் காட்டினால் நான் மீசையை எடுக்கிறேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இப்போது இருக்கிற வீடு. மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற ஒரு மகள். இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. பிரெஞ்சு படித்தது உணவுக்கடையின் பின்கட்டில், ஏச்சு வாங்கி வாங்கி. அதனால் ஏச்சுப் பிரெஞ்சு எனக்கு நல்லாய் வரும்.

ஆனால் இன்றைக்கு எங்கள் ஆட்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் பெண்சாதியை நெருப்புக்குள் இழுத்துக்கொண்டு போன மனுசன் என்றுதான் சொல்வார்கள். அது நடந்ததுதான். இழுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்பதைத்தான் ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் பெண்சாதியின் தமையன். என்னைவிட மூத்தவர், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே வந்து தொழிற்சாலையில் பெட்டி மடித்தாலும் வாத்தியார் குரல் போகவில்லை. இப்போது எங்கள் மூத்தோர் சங்கத்துக்குத் தலைவர். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வெள்ளைக்காரச் சனம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக்குப் போன பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. மிசூரியிலிருந்து ஒரிகன் வரைக்கும் மாதக்கணக்காய் நடந்த சனம். அத்தான் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

"மச்சான், அவையும் எங்களைப் போலத்தான். இருந்த இடத்தை விட்டிட்டு, போற இடம் தெரியாமல் போன சனம்," என்றார்.

"அவைக்கு ஆர் விசா குடுத்தது?" என்று கேட்டேன்.

"அதுதான் அங்கை ஏற்கெனவே இருந்த சனத்தின்ரை கேள்வியும்," என்றார். அப்படி ஒரு பதில் சொல்லத் தெரிந்த ஆள். அதில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

நாலு பேர் போனோம். அத்தான், அவர் பெண்சாதி மச்சாள், நான், என் பெண்சாதி. பெண்சாதிக்கு அதுக்கு முந்தின ஆண்டுதான் இரண்டு முழங்காலும் ஒப்பரேசன் செய்து மாற்றினது. தட்டையான இடத்தில் நடப்பா. படியென்றால் என் தோளைப் பிடிப்பா. சரிவென்றால் பக்கவாட்டாகத்தான் இறங்குவா. ஓட்டம் என்பது அவவுக்கு முடிந்த கதை. வெளிக்கிடும்போது மகள் வான் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மாவைப் போனமாதிரியே கொண்டந்து விடவேணும்," என்றாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டுத்தான் வழி முழுக்க என் கழுத்தில் கிடந்தது. அத்தான் மலையைப் பார்த்தால் நான் படியைப் பார்ப்பேன். அத்தான் கோட்டையைப் பார்த்தால் அங்கே கைபிடி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வான் ஓட்டினது முழுக்க நான். மொன்றியலிலிருந்து நெப்ராஸ்கா தாண்டி வயோமிங் வரைக்கும், ஒருத்தரிடமும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை.

இன்னொரு விசயம் சொல்லவேண்டும். வீட்டு வாசலில் தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்து, தேங்காய் அடித்து, கற்பூரம் காட்டித்தான் வெளிக்கிட்டோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அத்தான் அதோடு விடவில்லை. கற்பூரப் பெட்டியைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடியவும் மோட்டல் வாசலில் வானுக்கு முன்னால் கொளுத்தினார். ஒரு இடத்தில் காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். அத்தான் அவனுக்கு இந்து சமயம் முழுவதையும் விளக்கினார். அவன் பாவம், விட்டால் போதும் என்று போய்விட்டான்.

"அத்தான், இது காய்ஞ்ச நாடு. றோட்டுக் கரையெல்லாம் நெருப்பு மூட்டாதை எண்டு பலகை போட்டிருக்கிறாங்கள். படம் போட்டிருக்கிறாங்கள். எனக்கே விளங்குது," என்றேன்.

"அது சிகரெட் எறியிறவைக்கு," என்றார்.

வழியில் பார்த்தவற்றை எல்லாம் எழுதப் போவதில்லை. புகைக்கூண்டு போல நெட்டையாய் நிற்கிற பாறையைப் பார்த்தோம். வண்டிக்காரச் சனம் தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போன செங்குத்துப் பாறையைப் பார்த்தோம். அதில் முகத்தை வைத்து அத்தான் ஒவ்வொரு பெயராய் வாசித்தார். வண்டிச் சில்லுகள் கல்லையே இடுப்பளவுக்கு அறுத்துவிட்டுப் போன தடத்தைப் பார்த்தோம். அதற்குள் இறங்கி நின்று கையால் கல்லைத் தடவிப் பார்த்தேன். எத்தனை சில்லுப் போயிருந்தால் கல்லு அப்படித் தேயும்.

நெருப்புப் பிடித்ததுக்கு முந்தின நாள் ஒரு சின்ன நூதனசாலைக்குப் போனோம். உள்ளே சுவர் முழுக்க இங்கிலீஷ் பலகைகள். அத்தான் ஒவ்வொன்றாய் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். மச்சாளும் பெண்சாதியும் ஒரு வாங்கில் இருந்துவிட்டார்கள். நான் கூடவே போனேன். ஒரு பலகையில் புல்வெளி நெருப்பின் படம். வண்டிகள், மாடுகள், பின்னால் சுவர் மாதிரி நெருப்பு. அத்தான் வாசித்தார். காற்றோடு வருகிற நெருப்பை ஓடி முந்த முடியாதாம். அந்த மண்ணின் ஆட்களும், அவர்களிடம் பழகின வண்டிக்காரரும், நெருப்பு வர முந்தியே ஒரு துண்டு நிலத்தைத் தாங்களே எரித்து, அந்தக் கருகின இடத்துக்குள் போய் நிற்பார்களாம். எரிந்த புல் திரும்ப எரியாது.

"பாத்தீரே மச்சான் மூளையை," என்றார்.

"எரிஞ்சு முடிஞ்ச இடந்தான் பத்திரம் எண்டுறியள்."

"அதுதான். வடிவாக் கேளும். இது உம்மடை சோத்து அண்டா இல்லை, சரித்திரம்."

கேட்டேன். வடிவாய்த்தான் கேட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், தனியார் காணி ஒன்றுக்குள் ஒரு கல்லறை இருக்கிறது என்று அத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தார். கேற்றைத் திறந்து, திரும்பச் சாத்திவிட்டுப் போகலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. சரளைக்கல் றோட்டு மேட்டில் முடிந்தது. வானை அங்கே விட்டேன். அதிலிருந்து நிலம் சரிந்து ஒரு பள்ளத்துக்குப் போகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சத் தூரத்தில், நாலு இரும்புக் குழாய் நட்டு வேலி போட்ட கல்லறை. சுற்றிவர முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் புல். கையால் தொட்டால் பொரிந்து கொட்டுகிற புல்.

பெண்சாதி சரிவில் என் தோளைப் பிடித்து, பக்கவாட்டாய், ஒவ்வொரு அடியாய் இறங்கினா. வெகு நேரம் எடுத்தது. பள்ளத்துக்குள் வந்ததும், "இஞ்சேருங்கோ, எனக்கு இது காணும். நான் இதிலை இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ," என்றா. மடக்குக் கதிரையை விரித்து இருத்தினேன். அத்தானும் மச்சாளும் கல்லறைக்குப் போனார்கள், நான் போகவில்லை. தண்ணீர்க் கானை எடுத்துவர வானுக்கு ஏறினேன்.

காற்று கல்லறைப் பக்கமிருந்து நேரே அவவின் முகத்துக்கு அடித்தது. சேலைத் தலைப்பு மாதிரி அவவின் சால்வை பின்னால் பறந்துகொண்டிருந்தது. அதை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். பார்த்து மனதில் வைத்தேன்.

கல்லறையில் இருந்தது ஒரு பெண்ணாம். வழியில் நோய் வந்து செத்தவ. பெயர் தெரியாது என்று பலகை போட்டிருக்கிறார்கள். மச்சாளின் குரல் காற்றோடு கேட்டது. "பாவம், ஒருத்தரும் ஒரு விளக்குக் கூட வைச்சிருக்க மாட்டினம்."

கானைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அத்தான் பொக்கற்றுக்குள் கை விடுவதைக் கண்டேன்.

"அத்தான், வேண்டாம். காத்தைப் பாருங்கோ," என்று மேட்டில் நின்று கத்தினேன்.

"ரெண்டு நிமிசம் மச்சான். கும்பிட்டிட்டு அணைச்சுப் போடுவன்."

"அத்தான், கதையைக் கேளுங்கோ."

அவர் குனிந்தார். ஒரு தட்டைக் கல்லில் கற்பூரத்தை வைத்து, கையால் காற்றை மறித்துக் கொளுத்தினார். பிறகு கும்பிடுவதற்காக அந்தக் கையை எடுத்தார்.

எரிகிற கற்பூரத்துக்குப் பாரம் இல்லை. காற்று அதைக் கல்லிலிருந்து தட்டிவிட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கைப்பிடிப் புல். அத்தான் அதைச் சப்பாத்தால் மிதித்தார். மிதித்தது சிதறி மூன்று இடத்தில் பிடித்தது. பிறகு அது புல் எரிகிற சத்தமாய் இல்லை. எங்கள் சமையல்கூடத்தில் பெரிய அடுப்பு ஒன்றாய்ப் பற்றினால் வருமே, அந்தச் சத்தம்.

அத்தானும் மச்சாளும் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றார்கள். நெருப்பு அவர்களை விட்டு அங்காலே போனது. அது போன வழியில் என் பெண்சாதி கதிரையில் இருந்தா.

நான் ஓடினேன். சரிவில் கான் கையில் கிடந்து அடிக்க, விழுந்து எழும்பி ஓடினேன். அத்தான் அந்தப் பக்கமிருந்து கத்தினார். "தங்கச்சி, மேலை ஏறு. வானுக்கு ஓடு. மச்சான், அவளை மேலை கூட்டிக்கொண்டு போம்."

அவ எழும்பிவிட்டா. சரிவைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. எங்கள் இருவருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியிருக்கும். இறங்க எடுத்த நேரம் எவ்வளவு, ஏற எவ்வளவு எடுக்கும். நெருப்பு மேட்டில் ஏறினால் இன்னும் கெதியாய் ஏறும், அது தெரியப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

நெருப்பைப் பார்த்தேன். முன்னுக்கு வருகிற பகுதி இடுப்பளவு. இடது கரையில் புல் ஐதாய், கல்லு கூடின இடம். அங்கே நெருப்பு முழங்காலுக்குக் கீழே, ஒரு பாய் அகலம்கூட இல்லை. அதுக்குப் பின்னால் நிலம் கறுப்பு. புகைகிறது, ஆனால் எரியவில்லை.

அவவின் சால்வையைப் பிடுங்கி எறிந்தேன். அது நைலோன். என் தோளில் வெயிலுக்குப் போட்டிருந்தது நான் வீட்டில் உடுக்கிற சாரம், பருத்தி. அதைத் தலையோடு மூடி, கானில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவவின் மேல் கவிழ்த்தேன். காலடிக்கும் ஊற்றினேன்.

"வா."

"எங்கை? நெருப்பு அந்தப் பக்கமெல்லே?"

"அந்தப் பக்கந்தான். எரிஞ்ச இடம் திரும்ப எரியாது. கொண்ணர்தான் நேத்து வாசிச்சவர்."

"அண்ணை மேலை போகச் சொல்லுறார்."

"வா."

அத்தானின் குரல் இப்போது வேறு மாதிரி. "எடேய், எங்கையடா கொண்டு போறாய். விசரா உனக்கு. விடடா அவளை." இத்தனை வருசத்தில் அவர் என்னை டா போட்டது அன்றைக்குத்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஓடவில்லை. அவவால் ஓட முடியாது. நடந்தோம். நெருப்பை நோக்கிப் பெண்சாதியின் நடைக்கு நடப்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. முகம் காய்ந்தது. புருவம் பொசுங்குகிற மணம் வந்தது, அது என்னுடையது. கரைக்கு வந்ததும், "கண்ணை மூடு, மூச்சை அடக்கு," என்று சொல்லி, இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, தாண்டினேன். ஒரு அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் கால் கறுப்பில் பட்டது. சப்பாத்தின் அடி சுட்டது. இன்னும் உள்ளுக்குப் போய் நின்றோம்.

திரும்பிப் பார்த்தபோது நெருப்பு பள்ளத்தைக் கடந்துகொண்டிருந்தது. கதிரையைக் காணவில்லை, புகைதான். பிறகு அது சரிவில் ஏறினது. நான் ஏறி இறங்கின சரிவு. மனுசர் ஏறுகிற வேகம் அது இல்லை. பெண்சாதி என் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றா. சாரத்திலிருந்து ஆவி பறந்தது.

அந்தக் காணிக்காரக் கிழவர் புகையைக் கண்டு, பின்னால் தண்ணீர்த் தாங்கி கட்டின பிக்கப்பில் வந்தார். கூடவே இன்னொரு வண்டி. சரளை றோட்டில் வைத்து நெருப்பை மறித்தார்கள். வானின் ஒரு பக்கத்து ரப்பர் விளிம்பு உருகினது, அவ்வளவுதான். நெருப்பை அணைத்தது அவர். அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் வராவிட்டால் அந்த மாவட்டமே போயிருக்கும்.

அணைத்த பிறகு கறுப்புப் புல்லில் நடந்து எங்களிடம் வந்தார். அத்தான் முன்னுக்குப் போய்ப் பெரிய இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். கிழவர் கேட்டுக்கொண்டே, கதிரை இருந்த இடத்தைப் பார்த்தார். அலுமினியச் சட்டம் மட்டும் வளைந்து கிடந்தது, துணி இல்லை. அதிலிருந்து எங்கள் காலடிவரை பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். அவவைக் கறுப்புக்குள் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். அத்தான் என் பக்கம் கையைக் காட்டினார். கிழவர் என்னிடம் வந்து, அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் இந்த ஊரிலேயே குறைவு என்று சொல்லிக் கையைக் குடுத்தார். பிறகு இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னார். இரண்டும் நியாயம்.

"என்னவாம் அண்ணை?" என்று மச்சாள் கேட்டா, தன் புருசனிடம் அல்ல, என்னிடம். ஆனால் பதில் சொன்னது அத்தான். "கவனமா இருக்கட்டாம். கெதியா வெளிக்கிடட்டாம்."

முதல் பாதி வரவில்லை. என் இங்கிலீஷ் கொச்சைதான், ஆனால் அந்தளவுக்குப் போதும். நான் குனிந்து பெண்சாதியின் காலைப் பார்த்தேன். கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. எனக்கு அதுதான் பெரிதாய் இருந்தது.

திரும்பி வந்த வழியில் மோட்டல் வாசல்களில் கற்பூரம் இல்லை.

வீட்டில் மகள் தாயின் காலில் போட்டிருந்த மருந்துக் கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். "பூர்க்குவா, பப்பா?" என்றாள். ஏன் அம்மாவை நெருப்புக்குள் கொண்டு போனீர்கள் என்பதுதான் கேள்வி. மாமா அதுக்கு முந்தியே போன் எடுத்துவிட்டார் என்று அதில் தெரிந்தது. நான் விளக்கினேன். அவள் தலையாட்டினாள். கேட்டுக்கொள்கிறேன் என்கிற தலையாட்டு, நம்புகிறேன் என்கிற தலையாட்டு இல்லை. அவளிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு சங்கக் கூட்டம். அத்தான் சுவரில் படம் காட்டிப் பேசினார். பாறை, தடம், கோட்டை, எல்லாம் அழகாய்ச் சொன்னார். சனம் வாயைப் பிளந்து கேட்டது. கடைசியில் நெருப்பு. "திடீரெண்டு புல்லிலை நெருப்புப் பிடிச்சிட்டுது. பதட்டத்திலை மச்சான் என்ரை தங்கச்சியை நெருப்புக்குள்ளையே இழுத்துக்கொண்டு போட்டார். ஆண்டவன் கிருபையாலையும் ஒரு வெள்ளைக்கார மனுசனாலையும் தப்பினம்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்துக் கதிரைக்காரர் என் முழங்காலில் தட்டி, "பதட்டத்திலை ஆருக்கும் வாறதுதான் அண்ணை," என்றார். அந்தத் தட்டு நெருப்பைவிடச் சுட்டது.

தேத்தண்ணி நேரத்தில் பெண்சாதியைச் சுற்றி நின்று கேட்டார்கள். பயமாய் இருந்ததா என்று கேட்டார்கள்.

"பயந்தான்," என்றா. "இவர் வா எண்டார். போனன்."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அது போதும் என்று சிலர் நினைப்பார்கள். பாதிக்குப் போதும். மற்றப் பாதிக்குப் போதாது, ஏனென்றால் அத்தானின் பேச்சு அப்படியே சங்கத்தின் ஆண்டு மலரில் வரப்போகிறது. மலர் வீட்டுக்கு வீடு போகும். பேச்சுப் போய்விடும், அச்சுப் போகாது. அந்தப் பாறையில் பெயர் வெட்டினவர்களும் அதைத் தெரிந்துதான் வெட்டினார்கள்.

அத்தானின் வீட்டுக்குப் போய், அதைத் திருத்தவேண்டும் என்று சொன்னேன். மச்சாள் தட்டில் வடை வைத்தா.

"என்ன எழுதவேணும் எண்டுறீர்?" என்றார்.

"நடந்ததை."

"நடந்ததைத்தானே எழுதியிருக்கிறன். இழுத்துக்கொண்டு போனீர்தானே?"

"ஓம், போனன். தெரிஞ்சுதான் போனன். பதட்டத்திலை இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார். "அதை எழுதினால், நெருப்பு எப்பிடி வந்தது எண்டும் எழுதவேணும் மச்சான்," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கினது. மனுசன் என்னைக் குறைத்துச் சொல்ல அல்ல, தன் கற்பூரத்தை மறைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். தங்கச்சியைத் தானே கொன்றிருப்பேன் என்கிற நினைப்போடு அவர் எப்படி நித்திரை கொள்கிறாரோ தெரியாது. அதற்காகக் கற்பூரத்தை எழுதாமல் விட்டுவிடுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கே நானே எழுதிவிட்டேன்தான். என்ன செய்ய, அது இல்லாமல் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று வாசிக்கிறவர் கேட்பார்.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதனால் சங்கத்தாருக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். அந்தப் பலகையை வாசித்தவர் அத்தான், அதை அவர் பெயரில் போடுங்கள். நெருப்பை அணைத்தவர் காணிக்காரர், அதை அவருக்குக் கொடுங்கள். ஆண்டவனுக்கு உரியதை ஆண்டவனுக்கு எழுதுங்கள். ஆனால் வாசித்ததைக் கேட்டு, கரை பார்த்து, சாரம் நனைத்து, ஓட முடியாத ஒரு மனுசியை நடத்தி அந்தக் கறுப்புக்குள் கொண்டுபோனது நான். "பதட்டத்தில்" என்ற சொல்லை வெட்டுங்கள். அந்த இடத்தில், தெரிந்து கொண்டுபோனார் என்று போடுங்கள். மகள் வாசிப்பாள்.